நடுக்குவாத வரலாற்றில் மனமும் செவியும்

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் நடத்திவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல் நடுக்குவாதம் பற்றிய 66 பக்கக் கட்டுரையை வெளியிட்டபோது, நோயின் இலக்கணத்தைக் கூறும் தொடக்க வரையறையிலேயே, இந்நோயில் புலன்களும் அறிவும் கேடுறுவதில்லை என்று எழுதிவைத்தார். அவர் விவரித்த நோயாளிகள் ஆறு பேர்; அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டு பேசியதோடு சரி, ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. நடையும் கைநடுக்கமும் முன்குனிந்த உடலும் தெருவிலேயே கண்ணில் படுவன. மனத்துக்குள் நேரும் தளர்ச்சியோ கேட்டாலன்றி வெளிப்படாது. நோய் முற்றிய நிலையில் ஓயாத உறக்கமும் சிறிதளவு சித்தப் பிறழ்வும் தோன்றுவதை அதே கட்டுரையில் அவரே பதிவு செய்திருந்தும், பின்வந்தோர் நினைவில் நின்றது அந்த வரையறையே. பின்னர் பார்க்கின்சன் நோய் எனப் பெயர்பெற்ற நடுக்குவாதம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கைகால்களின் நோயாகவே படிக்கப்பட்டதற்கு அவ்வரையறை ஒரு முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

நோயாளிகள் 'மூளை மந்தமாகிவிட்டது' என்றும் 'மூடுபனி படிந்ததுபோல் இருக்கிறது' என்றும் குறிப்பிடும் மனமூட்டம் நினைவிழப்புக்கு வேறானது. ஓர் எண்ணத்தைத் தொடங்கவும் அதிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் நெடுநேரம் பிடிப்பது, அறிந்த சொல்லே பேச்சின் நடுவில் அகப்படாமல் போவது, இருவர் ஒரே சமயம் பேசினால் எதையும் பின்தொடர இயலாமல் திணறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். பாத்திரம் உரசும் ஒலி, தொலைக்காட்சி, கூட்டத்தின் சலசலப்பு முதலியவற்றைத் தாங்க முடியாமல் அறையை விட்டு வெளியேறும் இரைச்சல் கூச்சம் பலருக்கு இதனோடு சேர்ந்தே வருகிறது.

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான முதிய பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வாய்ப்புப் பெற்ற ழான்-மார்த்தன் ஷார்க்கோ, 1860களில் சக மருத்துவர் வுல்ப்பியானுடன் இணைந்து எழுதியபோதே, மன ஆற்றல்கள் காலப்போக்கில் குன்றுகின்றன என்பதைக் குறித்தார். நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவரே பார்க்கின்சனின் வரையறையைத் திருத்தியவராகவும் இருந்தார். தொடர்வண்டியிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தொலைவு சென்று இறங்கும்போது உடல்வாதை தணிந்திருப்பதாக நோயாளிகள் சொன்னதை அவர் அலட்சியம் செய்யாமல், சீராக அதிரும் நாற்காலி ஒன்றை உருவாக்கச் செய்து, 1892இல் அதுபற்றி விரிவுரையும் நிகழ்த்தினார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க மருத்துவர்கள் அச்சோதனையை மீண்டும் நிகழ்த்தியபோது, அதிராத நாற்காலியில் அமர்ந்து இயற்கையின் அமைதியான ஒலிகளைக் கேட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலம் பெற்றனர். இதனால் அதிர்வின் தனிச்சிறப்பு நிறுவப்படவில்லை எனினும், நோயாளியின் சொல்லையே சான்றாகக் கொண்டு ஆய்வைத் தொடங்கிய ஷார்க்கோவின் முறை இந்நோயின் வரலாற்றில் அரிதானது, போற்றத்தக்கது.

ஆனால் அவருடைய காலத்து மருந்தே மனத்துக்குப் பகையாக இருந்தது. பெல்லடோனா இனச் செடிகளிலிருந்து எடுக்கப்பட்ட ஹயோசயமின் போன்றவை, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் அசெட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைத் தடுத்து நடுக்கத்தைக் குறைத்தன. கவனத்துக்கும் நினைவுக்கும் அதே பொருள் தேவை என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1940களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையும் இவ்வகையினதே. எனவே நெடுங்காலம் நோயாளியின் மனமூட்டத்தில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினமாயிற்று.

வியன்னாவில் ஃபான் எக்கனோமோ 1917இல் விவரித்த உறக்க மூளையழற்சி, கொள்ளைநோயாகப் பரவித் தணிந்தபின், பிழைத்தோர் பலரிடம் பார்க்கின்சன் நோயை ஒத்த நிலையை விட்டுச் சென்றது. அவர்களை ஆராய்ந்த ஜெனீவா மருத்துவர் ஃபிரான்சுவா நவீல், 1922இல் 'பிராடிஃப்ரெனி' என்ற கருத்தை முன்வைத்தார். அறிவு அழியாதிருக்க, அதன் ஓட்டமும் முனைப்பும் மட்டும் மந்தமாகிவிடும் நிலை அது. இன்றைய நோயாளிகள் தம் மொழியில் சொல்லும் மூட்டத்துக்கு மருத்துவ நூல்களில் கிடைக்கும் மிக நெருங்கிய முன்னோடி இதுவே. இதற்கிடையில், 1912இல் நரம்பணுக்களுக்குள் புரதத் திரள்களைக் கண்டு விவரித்த ஃபிரீட்ரிக் லேவி, 1923இல் வெளியிட்ட பெருநூலில் தம் நோயாளிகளுள் பலருக்கு மனத்தளர்ச்சி இருந்ததையும் எழுதினார். அது போதிய கவனம் பெறவில்லை.

மூளையில் செய்தி கடத்தும் மற்றொரு வேதிப்பொருளான டோபமினின் குறைபாடே நோயின் அடிப்படை என்பதை 1960இல் ஏரிங்கரும் ஹார்னிக்கியவிச்சும் வியன்னாவில் காட்டியபின், 1967இல் மருத்துவர் கோட்சியாஸ் அமெரிக்காவில், உடலில் டோபமினாக மாறும் டோபாவைப் படிப்படியாக உயர்த்திக் கொடுத்து நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்தார். அதன் பயனுள்ள வடிவமான லெவோடோபா, 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரால் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கோட்சியாஸின் வெற்றி வெளிவந்த அதே 1967இல் ஹோன், யார் (Yahr) என்னும் மருத்துவர் இருவர் வகுத்த ஐந்து படிநிலைகள் முழுவதும் இயக்கத்தையே அளந்தன. ஆயினும் உடல் எழுந்தபின்தான் மனத்தின் நிலை மறைக்க இயலாததாயிற்று. சிட்னியில் நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வில், 20 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோருள் 83 விழுக்காட்டினருக்கு மறதிநோய் ஏற்பட்டிருந்தது 2008இல் தெரியவந்தது. மூளையில் அசெட்டைல்கோலினைச் சுரக்கும் மைனெர்ட் அடிக்கரு என்னும் பகுதி இந்நோயில் சிதைவதை 1983இல் வைட்ஹவுசும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருந்ததால், பழைய மருந்துகள் இழைத்த தீங்கின் தன்மையும் விளங்கிற்று. அசெட்டைல்கோலினைப் பேணும் ரிவாஸ்டிக்மின் இந்நோய்சார்ந்த மறதிக்கான மருந்தாக 2006இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது.

செவியின் வரலாறு இதனினும் மெல்ல நகர்ந்தது. நெற்றியைத் தொடர்ந்து தட்டினால் நலமுள்ளோர் சில தட்டுகளுக்குப் பின் இமைப்பதை நிறுத்திவிட, பார்க்கின்சன் நோயாளி ஒவ்வொரு தட்டுக்கும் இமைத்துக்கொண்டே இருப்பார். மையர்சன் பெயரால் வழங்கும் இந்த எளிய சோதனை, பழகிய தூண்டலைப் புறந்தள்ளும் ஆற்றல் மூளையில் குன்றியிருப்பதைக் காட்டுகிறது. 1990களில் இரட்டைச் சொடுக்கொலிகளை அடுத்தடுத்துக் கேட்பித்து மூளை மின்னலைகளைப் பதிந்த ஆய்வுகள், இரண்டாம் ஒலிக்கான மறுவினை நோயாளிகளிடம் உரிய அளவு தணியாததைக் கண்டன. வாயிற்காவலன் அயர்ந்த வீட்டுக்குள் எல்லோரும் நுழைவதுபோல், வேண்டாத ஒலிகளும் தடையின்றி உட்புகுகின்றன. மெதுவாக இயங்கும் எண்ணத்துக்கு அவற்றை விலக்கும் வலு எஞ்சுவதில்லை. மூட்டமும் இரைச்சல் கூச்சமும் இணைந்து வருவதை இவ்வாறு புரிந்துகொள்ளலாம். மருந்தின் வேளை முடிவதற்குள் அதன் வலிமை தேய்கையில் இயக்கத்தோடு எண்ணமும் மந்தப்படுவதுண்டு. ஒலியே பகையன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சீரான தாள ஒலிக்கேற்ப நடைப்பயிற்சி பெற்ற நோயாளிகளின் நடைவேகம் கூடியதைத் தௌட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் காட்டினர்.

இத்தனைக்குப் பின்னும், இயக்கம் சாராத அறிகுறிகளைத் திரட்ட 2006இல் வெளியிடப்பட்ட 30 கேள்விகள் கொண்ட படிவத்தில், மணமும் சுவையும் குன்றுவது பற்றியும், பொருள்கள் இரண்டாகத் தெரிவது பற்றியும், மறதி பற்றியும், கவனம் நிலைக்காமை பற்றியும் தனித்தனிக் கேள்விகள் உண்டு. இரைச்சலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.