ரதி வேடமும் முப்பத்திரண்டு சதக் கூலியும்

மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், மலையகத் தோட்டங்களில் காமன் கம்பம் நடுவார்கள். பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களும் இந்தக் கூத்தை அறிந்தவையே. பௌர்ணமியை அண்டிய இரவில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மன்மதன் எரிவான். அதன்பின் ரதி அழுவாள். கூடியிருக்கும் சனங்கள் விடியவிடியக் காத்திருப்பது அந்த ஒப்பாரிக்காகத்தான். ரதியாக வருபவர் ஆண்பிள்ளை. பெரும்பாலும் மீசை அரும்பாத வயதினர். விரதமிருந்து காப்புக் கட்டிய அந்தப் பிள்ளைக்கு அந்த இரவில் கிடைக்கும் மரியாதை தோட்டத்துத் தலைவருக்கும் கிடைக்காது.

மறுநாள் விடியுமுன் தப்பு ஒலிக்கும். இது கூத்துத் தப்பு அன்று, பெரட்டுக்கு அழைக்கும் தப்பு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிள்ளைகளுக்கென்று தனி விகிதம் வகுத்த சட்டம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் வேலை செய்வார்கள் என்பதை அது இயல்பாகவே எடுத்துக்கொண்டது. இரவெல்லாம் ரதியாக அழுது தொண்டை கட்டிய சிறுவனும் அந்தக் கணக்கில் ஒரு 32 சதம்தான்.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறு விதமாகப் புகழ்பெற்ற சிறுவர்கள் இருந்தார்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, ஆறு வயதுச் சிறுவனாக அண்ணன்மாருடன் அதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம். பின்னாளில் அவ்வை சண்முகம் என்று உலகறிந்தவர். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பலரும் அறிந்த செய்தி. சண்முகம் 1972இல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூல், பாலர் சபைகளின் உள்வாழ்க்கையை அறிய விரும்புவோர் தவறவிடக்கூடாத நூல்.

பாலர் சபையில் பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கவேண்டும். பெற்றோர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பாடம் பிசகினால் அடி. ஊர் ஊராக அலைவதால் பள்ளிக்கூடம் கிடையாது. இத்தனையையும் ஈடுசெய்தது கைதட்டல்தான். அதற்கும் ஒரு முடிவுநாள் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். 'மகரக்கட்டு' என்று நாடகக்காரர்கள் அஞ்சிய நோய் அது. நோய் என்று அவர்கள் சொன்னாலும், அது வளர்ச்சியன்றி வேறில்லை. நேற்றுவரை இராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொடிகட்டிப் பறந்தவன், வளர்ந்த குற்றத்துக்காகச் சேவகன் வேடத்துக்கு இறங்குவான். அல்லது வீட்டுக்கு அனுப்பப்படுவான். எழுத்தும் தெரியாது, தொழிலும் தெரியாது. சண்முகம் சகோதரர்கள் தப்பியதற்குக் காரணம் அவர்கள் ஒரு குடும்பமாகச் சேர்ந்து நின்றதும், 1925இல் சொந்த சபையையே தொடங்கியதும் என்பது என் எண்ணம்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. பாலகனாகவே மேடையேறிய எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது வயது 27. அவரும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1920களில் இலங்கையில்தான். அவர் தன் கதையை எழுதும் வயதை எட்டவே இல்லை. கண்டியில் பிறந்து சிறுவயதிலேயே பாலர் கம்பெனிக்குப் போன எம்.ஜி.ஆர், 'நான் ஏன் பிறந்தேன்' தொடரை ஆனந்த விகடனில் 1970இல் எழுதத் தொடங்கியபோது புகழின் உச்சியில் இருந்தார். நம் கைக்கு வந்திருக்கும் நினைவுநூல்கள் எல்லாம் பிழைத்தவர்கள் எழுதியவை.

கம்பெனிச் சிறுவனைப் புகழ் வீட்டிலிருந்து பிரித்தது. தோட்டத்துச் சிறுவனை அது ஒருநாள் வேலையிலிருந்துகூட விடுவிக்கவில்லை. எது கொடிது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் முன்னவனுக்கு ஒரு சண்முகம் கிடைத்தார். பின்னவன் லயத்துக் காம்பராவில் தன் நினைவுகளை எழுதிவைக்கவில்லை; எழுதப் படித்திருந்தால் தானே?

1924இல் பதுளைவரை வந்து சேர்ந்த இரயில்பாதைக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1948இல் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அதன்படி தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற இரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போனவர்களோடு வாத்தியார்களும், அவர்கள் மனதில் மட்டுமே இருந்த பாட்டுகளும் போயின. ஒரே கூத்தில் ஆடிய மன்மதன் ஒரு கரையிலும் ரதி மறு கரையிலுமாகப் பிரிந்த தோட்டங்கள் இருந்திருக்கும்.

தாயகம் திரும்பியோருக்கென்று நீலகிரியில் அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மீண்டும் கொழுந்து பறித்தார்கள். ஊவாவில் ரதி வேடம் கட்டிய எவரேனும் கோத்தகிரியிலோ கூடலூரிலோ தொண்ணூறு வயதில் இன்னும் இருக்கக்கூடும். வாசகர்களில் யாருக்காவது அப்படியொருவரைத் தெரிந்தால், உடனே போய்ப் பேசிப் பதிவுசெய்யுங்கள். பாட்டை மட்டுமன்று, மறுநாள் காலைப் பெரட்டுக்களத்தில் நின்றது எப்படி இருந்தது என்பதையும் கேளுங்கள்.