வில்ஷயரில் நின்றுபோன பாதை

லொஸ் ஏஞ்சல்ஸ் நகர ரயில் வரைபடத்தில் ஒரு கோடு என்னை வெகுகாலம் உறுத்தியது. சனநெருக்கம் மிகுந்த வில்ஷயர் வீதியின் கீழே மேற்கு நோக்கிப் போகவேண்டிய சுரங்கப் பாதை, வெஸ்டர்ன் சந்தியோடு நீண்டகாலம் நின்றுபோயிருந்தது. மறிச்சது யாரு?

1985 மார்ச் 24இல் ஃபெயார்ஃபக்ஸ் பகுதித் துணிக்கடையொன்றில் நிலத்தடி மீதேன் வாயு கசிந்து வெடித்தது. இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். சுரங்க வேலை அப்போது தொடங்கவே இல்லை. ஆயினும், அப்பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வக்ஸ்மனின் முயற்சியால், வாயு வலயத்தில் சுரங்கம் தோண்ட மத்திய அரசின் பணம் தடைசெய்யப்பட்டது. பாதை வெர்மான்ட் வழியாக ஹொலிவூட் பக்கம் திரும்பியது.

வாயு பொய்யல்ல. ஆனால், 'மெட்ரோ எங்கட பக்கம் வேணாம்' என்ற வசதிபடைத்த அயலவரின் எதிர்ப்பு வெடிப்புக்கு முன்பே இருந்தது. அதற்கு இந்த அச்சம் நல்ல துணையாயிற்று என்றே நான் கருதுகிறேன்.

பாதுகாப்பாகத் தோண்டலாம் என 2005இல் நிபுணர் குழு சொன்னது. வக்ஸ்மனே முன்வர, 2007இல் தடை நீங்கியது. அந்த இருபது வருஷமும் வில்ஷயர் வீதியில் பஸ்ஸுக்குக் காத்துநின்றவங்க, காரில்லாத கூலித் தொழிலாளிகள். அவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.