வாயிலில் நிற்கும் அறம்: குறள் 130-இல் ‘செவ்வி’

திருக்குறளில் அறம் ஓர் ஆளாக வருகிறதா, வெறும் அணியாக வருகிறதா என்ற வழக்கில் இரு தரப்பாரும் பரிமேலழகரையே சுற்றி நிற்கின்றனர். 77, 130, 204 ஆகிய மூன்று குறள்களிலும் அவர் ‘அறக்கடவுள்’ என்று உரை எழுதியதை ஒரு சாரார் அப்படியே ஏற்கின்றனர். அந்தக் கடவுள் உரையாசிரியர் கொண்டுவந்து வைத்தவர், அவரை நீக்கினால் மூலத்தில் எஞ்சுவது ஒரு பண்புப்பெயரே என்பது மறுசாரார் வாதம். கடவுளை நீக்கலாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். நீக்கிய பிறகும் 130-ஆம் குறளில் ஓர் ஆள் நின்றுகொண்டிருக்கிறார் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் இலக்கணத் தடை. அறம் அஃறிணைப் பெயர், அது கொண்ட வினையும் அஃறிணை, எனவே ஆள் இல்லை என்கிறார்கள். இம்மூன்று குறள்களிலும் அறம் கொண்ட காயும், பார்க்கும், சூழும் என்ற வினைகள் மூன்றும் செய்யும் என்னும் வாய்பாட்டு முற்றுகள். படர்க்கையில் பலர்பால் ஒழிந்த நான்கு பாலுக்கும் இம்முற்று பொது என்பது கொங்கு நாட்டுப் பவணந்தியாரின் நன்னூலைப் படித்தவர் அறிந்த விதி. அவனும் அவளும் அதுவும் ஒரே வடிவில் அடங்கும்போது இந்த வினை எத்தரப்புக்கும் சாட்சி ஆகாது. நிலத்தை நல்லாள் (1040) என்றும், திருமகளைச் செய்யவள் (167) என்றும் பால் காட்டி அழைத்த வள்ளுவர், அறத்துக்கு மட்டும் பால் காட்டவில்லை. இது தற்செயல் என்று கொள்ள இடமுண்டு. நான் அப்படிக் கொள்ளவில்லை.

மூன்று குறள்களும் ஒரே தரத்தன அல்ல. 77-இல் அறத்துக்கு உவமையாக வருவது வெயில். வெயில் காய ஆள் தேவையில்லை. 204-இல் தீங்கு எண்ணியவனுக்கு அறம் கேடு எண்ணுகிறது. எண்ணுவது மனம் உள்ளதன் தொழில், ஆயினும் அங்கு முகமோ இடமோ தெரியவில்லை. 130 இவற்றினும் வேறு. சினம் காத்து, கற்று, அடங்கியவனுடைய செவ்வியை அறம் எதிர்பார்க்கிறது. ‘செவ்வி’ என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இங்கே கவனிக்கத்தக்கது. குறை சொல்ல வந்தவர்க்கு ஏற்றபடி ஒருவனுடைய மனமும் மொழியும் முகமும் இனியவாக இருக்கும் நேரம் என்று அவர் பொருள் கொள்கிறார். குறை சொல்ல வருபவர் யார்? அவருடைய உரைப்படியே அறக்கடவுள். கடவுள் மனிதன் முகம் பார்த்துக் காத்திருப்பாரா? உரையாசிரியர் தந்த பட்டமும் அவர் தந்த விளக்கமும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இரண்டில் ஒன்றைக் கைவிடவேண்டுமாயின் பட்டத்தைக் கைவிடுவேன். விளக்கம் மூலத்தின் சொல்லிலிருந்து பிறந்தது.

இந்தக் காத்திருப்பு அரசவைக்கு உரியது. ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ அதிகாரத்தில் (696) அரசனிடம் பேசுபவன் குறிப்பறிந்து, காலம் பார்த்துப் பேசவேண்டும் என்கிறார் வள்ளுவர். அரசன்முன் அமைச்சன் நிற்கும் அதே நிலையில் இங்கே அடங்கியவன்முன் அறம் நிற்கிறது. அடக்கமுடைமையின் முதற்குறள் (121) அடங்கியவனைத் தேவருலகுக்கு ஏற்றுகிறது. கடைசிக் குறளில் அறமே இறங்கி அவன் வாயிலுக்கு வந்துவிடுகிறது. அதிகாரத்தின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்தவர்க்கு இதை வெறும் அணி என்று சொல்ல மனம் வராது.

130-ஆம் குறளில் அறம் வரும் விதத்தைச் சொல்லும் ‘நுழைந்து’ என்ற சொல்லைப் பரிமேலழகர் ‘சென்று’ என்று எளிதாகக் கடந்துவிடுகிறார். செல்வது வேறு, நுழைவது வேறு. நுழைய இடுக்கான வழி வேண்டும், உடலைச் சுருக்கவேண்டும். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளில் முன்பணம் கேட்க வரும் குடியானவரைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். செருப்பை வெளியே விட்டு, தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கதவோரம் நிற்பார். முதலாளி கணக்கை மூடி நிமிரும் நேரம் பார்த்து, மூட்டைகளுக்கு இடையே ஒருக்களித்து உள்ளே போவார். ‘மொகம் பாத்துத்தானுங்க கேக்கோணும்’ என்பது இந்தப் பக்கத்துப் பேச்சு. செவ்வி என்ற சொல் இங்கே வழக்கொழிந்தது, செவ்வி பார்ப்பது ஒழியவில்லை. இன்றைய வழக்கத்தைக் கொண்டு பழைய நூலுக்குப் பொருள் நிறுவ முடியாது என்பதை அறிவேன். ஆனால் பார்த்தலும் நுழைதலும் ஒரே உடலின் அசைவுகளாக எப்படிப் பொருந்துகின்றன என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பண்புகளை ஆட்களாக நடமாடவிடத் தமிழ் 1894-இல் வந்த இரட்சணிய யாத்திரிகத்தில்தான் கற்றுக்கொண்டது என்ற கருத்துக்கு நீண்ட மறுப்பு வேண்டாம். அறியாமையைப் பகைவனாக்கிக் களத்தில் வீழ்த்திய தத்துவராயரின் அஞ்ஞவதைப் பரணி அதற்கு நூற்றாண்டுகள் முந்தியது. ஆனால் அந்நூல்களில் பண்புகளுக்குப் பெயரும் படையும் கதையும் உண்டு. 130-ஆம் குறளின் அறத்துக்கு இவை எதுவும் இல்லை. ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. என்ன குறை சொல்ல வந்தது என்பதைக்கூட வள்ளுவர் சொல்லவில்லை. அந்தக் குறை எதுவென்று உரைகள் கேட்டிருக்கவேண்டும்.