விலைக்கு வந்த வளவுகள்: செட்டிநாட்டு வீடுகளின் ஆக்கமும் கலைப்பும்

வீடு ஒன்று விலைக்கு வருதலைக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. தூணின் வடிவமும் முற்றத்தின் அமைப்பும் கூரையின் சாய்வும் அவர்தம் கவனத்தைப் பெறுகின்றன. அவ்வீடு யாரால், எச்சூழ்நிலையில், எவ்வாறு விற்கப்பட்டதென்பது தரகருக்கும் நொத்தாரிசுக்கும் உரிய விடயமாக ஒதுக்கப்படுகின்றது. ஆயின், ஒரு வீட்டைத் தோற்றுவித்த பொருளாதார உறவுகள் அதன் விற்பனையின்போதே மிகத் தெளிவாகப் புலப்படுகின்றன. வீடு முழுமையாக விற்கப்படுகிறதா, நிலமாக விற்கப்படுகிறதா, மரமாக விற்கப்படுகிறதா என்னும் வினா அச்சமூகத்தின் வரலாறு பற்றிய வினாவேயாகும். செட்டிநாட்டு வீடுகளைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதும், அதன் ஒளியில் நம் நாட்டு நிலைமைகள் சிலவற்றை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தமிழ்நாட்டின் இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துகிடக்கும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களே செட்டிநாடு எனப்படுகின்றன. வானம் பார்த்த பூமி அது. பெருநதி எதுவும் பாய்ந்து வளஞ் செய்யாத, ஊரணிகளையும் கண்மாய்களையும் நம்பி வாழும் நிலம். அத்தகைய நிலத்தில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் மாளிகைகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அம்மண்ணின் விளைச்சல் அவற்றுக்கு அடிப்படையாக இருந்திருக்க முடியாது. அவற்றின் மூலதனம் கடல் கடந்து ஈட்டப்பட்டது.

1852ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் கீழைப் பர்மா பிரித்தானியர் வசமாயிற்று. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமை ஐரோப்பியச் சந்தையைப் பர்மிய அரிசிக்கு அண்மையாக்கியது. ஐராவதிக் கழிமுகத்தின் காடுகளை வெட்டி வயலாக்கிய விவசாயிக்கு மாடு வாங்கவும் விதை வாங்கவும் அறுவடைவரை உயிர்வாழவும் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அவனை நேரில் அணுகவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியோர் நாட்டுக்கோட்டை நகரத்தாராவர். 1929-30ஆம் ஆண்டுகளில் பர்மிய மாகாண வங்கி விசாரணைக் குழு ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகளையும் 75 கோடி ரூபா அளவிலான முதலையும் அங்கு மதிப்பிட்டது. ஓர் அந்நிய நாட்டு விவசாயத்தின் கடன் அமைப்பு முழுவதையும் சிறு சமூகமொன்று தாங்கிநின்ற நிலையை இத்தொகைகள் காட்டுகின்றன.

இலங்கையும் இவ்வலைப்பின்னலுக்குப் புறம்பானதன்று. கொழும்புச் செட்டியார் தெருவும் அங்குள்ள கதிரேசன் கோயில்களும் அதன் சின்னங்களே. பிரித்தானிய வங்கிகளிடம் கடன்பெற்று அதனை உள்நாட்டு வணிகருக்கும் தோட்டச் சொந்தக்காரருக்கும் உயர்வட்டிக்கு வழங்கிய இடைநிலையாளராக அவர்கள் இங்கு இயங்கினர். 1934இல் வெளியான இலங்கை வங்கி ஆணைக்குழு அறிக்கையும் 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டமையும் இந்தக் கடன் அமைப்பின் போதாமையோடு தொடர்புடையனவாகும்.

2

இம்மூலதனம் வீடாக உருமாறிய விதம் மனங்கொள்ளத்தக்கது. முகப்பு, வளவு, இரண்டாங் கட்டு, மூன்றாங் கட்டு என நேர்கோட்டில் அமைந்த திட்டம் அவ்வீடுகளுக்கு உரியது. முகப்பின் திண்ணை ஆடவரின் வணிகக் களமாயிற்று. வானம் நோக்கித் திறந்த முற்றத்தைச் சுற்றி அறைகள் வரிசையாக அமைந்த வளவு சடங்குகளின் இடமாயிற்று. பின்கட்டுகள் சமையலுக்கும் பெண்டிரின் உழைப்புக்கும் ஒதுக்கப்பட்டன. திருமணமான ஒவ்வோர் ஆண்மகனும் 'புள்ளி' எனக் கணக்கிடப்பட்டான். 'வேறுவைத்தல்' என்னும் வழக்கப்படி புதுமணத் தம்பதியர் அதே கூரையின் கீழ்த் தனி உலை வைத்து, தனிக் கணக்கு நடத்தினர். வளவிலுள்ள அறை அத்தம்பதியரின் தனிச் சொத்தையும் மணமகள் கொண்டுவந்த சீர்ப்பொருள்களையும் காக்கும் களஞ்சியமாகவே பெரிதும் பயன்பட்டது. கூட்டுக் குடும்பத்தையும் தனிக் கணக்கையும் ஒருங்கே பேணிய வட்டித்தொழிற் சமூகமொன்றின் வரவு செலவு ஏடு போலவே அவ்வீட்டின் தரைப்படமும் அமைந்திருந்தது எனலாம்.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற படிமுறையில் ஆடவர் மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து சென்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் முதியோரும் ஊரில் தங்கினர். எனவே அவ்வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி ஆடவரற்ற வீடுகளாகவே இயங்கின. கலியாணம், சாந்தி முதலிய வைபவங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் கூடவேண்டியிருந்தமையே அவற்றின் பிரமாண்டத்துக்கு ஒரு காரணமாகும். கடன் தொழிலில் நம்பிக்கையே முதல் என்பதால், வீட்டின் பெருமை கடையின் நாணயத்துக்குச் சாட்சியாகவும் நின்றது.

பர்மியத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஐரோப்பிய வார்ப்பிரும்புத் தூண்கள், யப்பானிய ஓடுகள் ஆகியன இவ்வீடுகளில் ஒருங்குசேர்ந்தன. இவற்றை வியந்துரைப்போர் பலர். ஆயின், சுண்ணாம்புச் சாந்தை அரைத்து, முட்டை வெண்கருவுடன் சேர்த்துச் சுவர்களைக் கண்ணாடிபோல் மெருகேற்றிய கொத்தரையும், நிலைகளைச் செதுக்கிய தச்சரையும், ஆத்தங்குடியில் கையால் தளவோடு வார்த்த தொழிலாளரையும் அவ்வியப்பு எட்டுவதில்லை. அப்பால், தன் வயலை ஈடுவைத்த பர்மிய விவசாயியை அது அறவே மறந்துவிடுகின்றது. அவனது அறுவடையிலிருந்து பெற்ற வட்டியே இத்தூண்களாக நிமிர்ந்தது.

3

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை பெருவீழ்ச்சி கண்டது. விவசாயியால் வட்டியும் கட்ட முடியவில்லை. ஈட்டு நிலங்கள் செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தன. கீழைப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாயிருந்த அவர்தம் நிலவுடைமை 1930களின் இறுதியை அண்மித்தபோது 25 சதவீதமாயிற்று. பணத்தை விரும்பியவர்க்கு மண் கிடைத்தது. மண்ணை உழுதவன் குத்தகைக்காரனானான். 1930 டிசெம்பரில் வெடித்த சாயா சான் கிளர்ச்சியை இப்பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. பர்மியத் தேசியவாதம் இந்தியக் கடன்கொடுப்போனைப் பகைவனாகக் காணத் தொடங்கியமைக்கும் இதுவே பொருளியல் அடிப்படையாகும். அக்கடன்கொடுப்போனுக்கு மேல் நின்ற பேரரசு அப்பகைமையின் முழுவீச்சிலிருந்து தப்பிக்கொண்டது.

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து நிருவாக ரீதியாகப் பிரிக்கப்பட்டது. 1942இல் யப்பானியப் படைகள் றங்கூனைக் கைப்பற்றின. இந்தியர் பல இலட்சம் பேர் கடல்வழியாகவும் கால்நடையாகவும் வெளியேறினர். சுதந்திர பர்மா 1948இலும் 1953இலும் நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டங்களை இயற்றியது. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு வங்கிகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியது. பர்மாவிலிருந்த முதல் மீட்க முடியாததாயிற்று.

இங்குதான் வீட்டின் வரலாறு புதிய கட்டத்தை அடைகின்றது. வருமானம் நின்றபின் வீடு பெருஞ்செலவாயிற்று. ஓடு மாற்றவும் சாந்து பூசவும் கரையான் அண்டாது காக்கவும் பணம் வேண்டும். இளந்தலைமுறை சென்னைக்கும் பிற நகரங்களுக்கும், பின்னர் வெளிநாடுகளுக்கும் சென்றது. பொதுப்பகுதிகள் பங்காளிகள் அனைவருக்கும் உரியனவாதலால், தலைமுறைகள் பெருக வீடொன்றுக்குப் பற்பல உரிமையாளர் தோன்றினர். அனைவரும் உடன்பட்டாலன்றி வீட்டை விற்கவோ திருத்தவோ இயலாது. உடன்பாடு ஏற்பட்டபோதும், அச்சிற்றூரில் அத்துணைப் பெரிய வீட்டை முழுமையாக வாங்குவோர் அரியர். நிலத்துக்கும் விலை குறைவு. தேக்குக்கோ எங்கும் விலையுண்டு. ஆகவே வீடு வீடாக விற்கப்படாது, தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் உத்தரமாகவும் விற்கப்பட்டது. பங்கிட முடியாத வளவைப் பங்கிடக்கூடிய பணமாக மாற்றும் எளிய வழி அதனை இடிப்பதேயாயிற்று. பர்மாவில் இட்ட முதலில் மீட்கக்கூடியதாக எஞ்சியது பர்மியத் தேக்கு ஒன்றே என்ற முரணை நாம் இங்கு காண்கின்றோம்.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகள் இக்கலைப்பின் சந்தையாக வளர்ந்தன. செதுக்கிய நிலைகளுடன் சீர்ப்பாத்திரங்களும், இரவிவர்மாவின் அச்சுப்படங்களும், கணக்கெழுதிய மேசைகளும் அங்கு விலைக்கு வந்தன. அவை நகர்ப்புற விடுதிகளையும் செல்வர் இல்லங்களையும் சென்றடைந்து அலங்காரமாயின. ஒரு தூண் எவ்வூரில், எவ்வளவில், எப்பங்காளியின் அறைமுன் நின்றதென்ற செய்தி விற்பனையோடு அழிந்துபோகின்றது.

4

சட்டம் இதனைத் தடுக்கவில்லையா என வினவலாம். நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடைய பொருளையே இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் பொதுவாகத் தொல்பொருளாகக் கொள்கின்றது. கட்டடத்திலிருந்து பெயர்க்கப்பட்ட பொருளும் அவ்வரையறையில் அடங்கும். எனினும், பெருந்தொகையான வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தனவாதலால், மிகுதியான கலைப்பு நிகழ்ந்த காலத்தில் அவற்றிற் பல அந்த வயதை எட்டியிருக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் 2014இல் சேர்க்கப்பட்டன. மறுபுறம், சில வீடுகள் விடுதிகளாக மாறி நிலைத்துள்ளன. சென்னைக்கு அண்மையில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில் செட்டிநாட்டு வணிகர் வீடொன்று மீள எழுப்பப்பட்டுள்ளது. விடுதியாதலை முற்றாக இகழ்தல் பொருந்தாது, ஏனெனில் அது கூரையைக் காக்கின்றது. ஆனால் விருந்தினர் கண்டு மகிழும் வரலாறு சமையலும் சலவைக்கல்லுமாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

5

நம் நாட்டுக்குத் திரும்புவோம். கொழும்பில் ஜெப்ரி பாவா 1960-62இல் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அமைத்த வீடு, நவீன இலங்கைக் கட்டடக்கலையின் திருப்புமுனைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. நகரத்தின் சிறுகாணியொன்றில் நடுமுற்றத்தை மையமாக்கிப் பழைய வீட்டமைப்பைப் புதுக்கிய ஆக்கம் அது. சிங்கள 'வலவ்வ' என்னும் சொல்லைத் தமிழ் 'வளவு' என்பதோடு தொடர்புபடுத்துவர். செட்டிநாட்டில் முற்றஞ்சூழ் கூடத்தையும் யாழ்ப்பாணத்தில் வீடமைந்த காணியையும் குறிக்கும் அச்சொல், முற்றத்தை வாழ்வின் நடுவில் வைத்த பொதுமரபொன்றை நினைவூட்டுகின்றது. 2009இல் அக்காணி விற்கப்பட்டது. கட்டடத்தை விட நிலத்துக்கே விலை அதிகமாயிருந்தது. எனினும் அவ்வீடு அழியவில்லை. அதன் உறுப்புகள் எண்ணிடப்பட்டுப் பெயர்க்கப்பட்டு, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டன. செட்டிநாட்டு வீடும் பெயர்க்கப்பட்டது, இவ்வீடும் பெயர்க்கப்பட்டது. முன்னது ஆவணமின்றிப் பெயர்க்கப்பட்டமையால் மரமாயிற்று. பின்னது ஆவணத்தோடு பெயர்க்கப்பட்டமையால் வீடாக மீண்டது. ஆனால் பெயர்பெற்ற கலைஞன் ஒருவனின் ஆக்கத்துக்குக் கிடைக்கும் இப்பேறு, பெயரறியாக் கொத்தரும் தச்சரும் ஆக்கிய வீடுகளுக்குக் கிடைப்பதில்லை.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளின் நிலை இவ்வகையில் நம் கவனத்துக்குரியது. அவற்றிற் பலவும் புறத்தே ஈட்டிய செல்வத்தோடு தொடர்புடையன. மலாயா உத்தியோகமும் ஓய்வூதியமும் எழுப்பிய வீடுகளை ஊரார் இன்றும் அடையாளங் காட்டுவர். யுத்தம் பலவற்றை அழித்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு பலவற்றை வெறுமையாக்கியது. எஞ்சியவற்றின் உரிமையாளர் பல கண்டங்களில் சிதறிவாழ்கின்றனர். நடுமுற்றத்தைக் கொங்கிறீற்றால் மூடுவதும், பழைய கதவு நிலைகளைக் கழற்றி விற்பதும், வீட்டை இடித்துக் காணியாக விற்பதும் அதே கூட்டுரிமைச் சிக்கலின் விளைவுகளேயாகும்.

1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, காணியை விற்போன் முதலில் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இம்முற்கொள்வனவு உரிமையைத் திருத்தி வரையறுத்தது. இவ்விதி குடும்பத்தின் உரிமையைக் காத்ததேயன்றிக் கட்டடத்தைக் காக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே இயல்பாகப் பண்டைச் சின்னங்கள் எனக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நாற்சார் வீடு இரு விதிகளுக்கும் இடையில் காப்பின்றி நிற்கின்றது.

எல்லா வீடுகளையும் விற்காது காத்தல் வேண்டுமென நாம் வாதிக்கவில்லை. கடனிலும் நோயிலும் பிள்ளைகளின் கல்விச் செலவிலும் உழலும் ஒருவரிடம் மரபுரிமையின் பெயரால் அவரது ஒரே சொத்தை விற்காதிருக்கக் கோருதல் நியாயமாகாது. ஆயின், விற்பனைக்கு முன் ஆவணப்படுத்தல் சாத்தியமானதே. அளவீட்டு வரைபடம், உறுதிகள், கணக்கேடுகள், சீர்ப்பட்டியல்கள், கட்டியோர் பற்றிய வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வரலாறு, புவியியல், தமிழ்த் துறை மாணவர் கூட்டாக ஊரொன்றைத் தெரிந்துகொண்டு இப்பணியைத் தொடங்கலாம். எந்த உழைப்பு, எந்த நாட்டின் எந்த வயல், எந்தச் சமூக உறவு ஒரு சுவரை எழுப்பிற்று என்பதைச் சுவர் நிற்கும்போதே எழுதிவைத்தல் வேண்டும். அது விற்கப்பட்டு மரமும் கல்லும் பல வாசல்களுக்குப் பிரிந்துசென்றபின் அவ்வுறவுகளை மீட்டறிவதற்கு நமக்கு வேறு ஆதாரம் இராது.