திருச்சியிலிருந்து கடலுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்

லால்குடியில் இருக்கிறவர்களுக்கு மணல் ஒன்றும் அதிசயம் இல்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் இல்லாத மாசத்தில் இறங்கினால் கண்ணுக்கு எட்டின தூரம் மணல்தான். ஆனால் என் பிள்ளைகளுக்கு வேண்டியது அலை. அதுவும் ரயிலில் போகணும், ஒரே நாளில் திரும்பிடணும், பாட்டியும் கூட வரணும். இந்த நாலு நிபந்தனையையும் எக்செல்லில் போட்டு, ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொழில் புத்தி!

அட்டவணையைப் பார்க்கப் பார்க்க வேறொரு கேள்வி வந்துவிட்டது. நம் பக்கத்திலிருந்து கடலைத் தொடுகிற தண்டவாளங்கள் ஏன் நாகப்பட்டினம், காரைக்கால், ராமேஸ்வரம் என்று குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் போகின்றன? யாருக்காகப் போட்டார்கள்? அதைத் தேடியதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள். சுற்றுலாத் திட்டம் கடைசியில் வருகிறது.

முதல் விஷயம், திருச்சிக்கு ரயில் வந்ததே கடலிலிருந்துதான். மெட்ராஸிலிருந்து அல்ல. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற லண்டன் கம்பெனி, நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1861ல் தஞ்சாவூர் வரைக்கும், 1862ல் திருச்சி வரைக்கும் பாதை போட்டது. கிட்டத்தட்ட 125 கிலோமீட்டர். முதலில் அகலப்பாதை, 1870களில் அதையே மீட்டர்கேஜாகக் குறுக்கினார்கள், நம் காலத்தில் திரும்பவும் அகலப்பாதை. ஒரே பாதைக்கு மூன்று அவதாரம்.

அதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841ல் ரயில் வந்துவிட்டது. பிளாக்பூலுக்கு 1846ல். கொஞ்ச வருஷத்திலேயே குறைந்த கட்டணத்தில் உல்லாசப் பயண ரயில்கள் விட்டு, மில் தொழிலாளிகள் குடும்பத்தோடு காலையில் போய்க் கடலைப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்பினார்கள். ஆக, ரயிலில் ஒரு நாள் கடற்கரைக்குப் போவது என்பது நம்மூர் பாதை போட்ட காலத்திலேயே தெரிந்த பழக்கம்தான். ஆனால் நாகப்பட்டினம் பாதை அதற்காகப் போட்டதல்ல. இங்கே கடல் என்றால் துறைமுகம். டெல்டாவின் விளைச்சல் கப்பலுக்குப் போகணும், சீமைச் சரக்கு உள்ளே வரணும். கணக்கு அவ்வளவுதான்.

சென்னையிலும் இதே கதைதான். 'சென்னை கடற்கரை' என்று பெயர் வைத்த ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள், எதிரே துறைமுகம் இருக்கும், குளிக்கக் கடல் இருக்காது. மெரினாவில் இவ்வளவு அகலமாக மணல் சேர்ந்ததும் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டிய பிறகுதான். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தங்கிவிட்டது.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கனமானது. சரக்கோடு ஆட்களும் போனார்கள். திருச்சி ஜில்லாவும் சேலம் ஜில்லாவும்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மிக அதிகமாக ஆள் கொடுத்த பகுதிகள். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904ல் தங்கள் தொழிலாளர் கமிஷனை வைத்ததே திருச்சியில்தான். கங்காணி ஆள் சேர்ப்பான், ரயில் ஏற்றுவான். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். நடுவில் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடை முகாம். அங்கே அடைத்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். இன்றைக்கும் ராமேஸ்வரம் ரயிலில் போனால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். எந்த கேம்ப் என்று இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மலேயாவுக்குப் போனவர்கள் நாகப்பட்டினம் வழி. 1926ல் கட்டிய 'ரஜூலா' கப்பலைப் பற்றி வயசானவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரைக்கும் ஓடிய கப்பல் அது. என் அம்மாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். "கப்பலுக்குப் போனவரு, அப்புறம் ஒரு கடுதாசிகூட இல்ல" என்பதோடு எங்கள் வீட்டில் அவர் கதை முடிந்துவிடும். இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அன்றைக்குத் திருச்சி ஜில்லாக்காரர்களுக்குக் கடற்கரை என்பது வழியனுப்புகிற இடம். வாங்கிய டிக்கெட் பெரும்பாலும் ஒருவழி டிக்கெட்.

மூன்றாவது, ரயில்வே ஆட்களே கடலை விட்டு நம் பக்கம் வந்த கதை. பழைய கம்பெனி 1874ல் தென்னிந்திய ரயில்வே ஆனது. அதன் பெரிய பணிமனை நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆட்குறைப்பும் சேர்ந்து வர, 1928ல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். கடற்கரை ஊரில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் பலவும் பொன்மலைக் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். லால்குடிக்கு ரயிலைக் கொண்டுவந்த விழுப்புரம் - திருச்சி கார்டு லைனும் அதே 1920களின் இறுதியில் வந்ததுதான். நம் கார்டு லைனும் தஞ்சாவூர் லைனும் சேருகிற இடம் பொன்மலை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் போய்விட்டுத் திரும்புகிற பயணத்தை இந்தப் பாதைகளுக்குப் பழக்கியவர்கள் யார்? என் பதில்: பக்தர்கள். நாகூர் கந்தூரிக்கும், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும், ராமேஸ்வரத்துக்கும் போனவர்கள்தான் குடும்பத்தோடு, கட்டுச்சோற்றோடு, திரும்பி வருகிற உத்தேசத்தோடு ரயில் ஏறினவர்கள். சாமி கும்பிட்ட கையோடு கடலிலும் கால் நனைத்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் பத்து கிலோமீட்டர் பாதை 2010 வாக்கில் வந்ததற்கும் காரணம் அவர்கள்தான்.

எல்லாப் பாதையும் பிழைக்கவில்லை. தரங்கம்பாடிக்கு மாயவரத்திலிருந்து 1926ல் ரயில் வந்தது. டேனிஷ் கோட்டை, அதை ஒட்டி மணல். இன்றைக்கு இருந்திருந்தால் குடும்பத்தோடு போக அதைவிட நல்ல ரயில் இருக்காது. 1986ல் மூடிவிட்டார்கள். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ஒரு பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து. பேரளம் - காரைக்கால் பாதை 1898ல் வந்தது, அப்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஊர். 1980களில் அதுவும் போனது. இப்போது அகலப்பாதையாக மறுபடி போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2011 இறுதியில், நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் புதுப்பாதை வந்துவிட்டது.

இனி திட்டம். எக்செல்லில் தேறியது காரைக்கால்தான். எர்ணாகுளத்திலிருந்து வருகிற டீ கார்டன் எக்ஸ்பிரஸ் காலையில் திருச்சி ஜங்ஷனைத் தொட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் வழியாக மதியத்துக்கு முன் காரைக்கால் போகிறது. அதே பெயர் ரயில் சாயங்காலம் அங்கிருந்து கிளம்பி ராத்திரி திருச்சி வருகிறது. திருச்சியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். லால்குடியிலிருந்து காலை ரயில் நேரம் ஒத்துவரவில்லை என்றால் பஸ்ஸில் சத்திரம் வந்து ஜங்ஷனுக்கு மாறிக்கொள்ளலாம். நேரம் மாறும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டை முதலில் முன்பதிவு செய்யுங்கள், போகும் டிக்கெட் அப்புறம்.

இறங்கினதும் பீச்சுக்கு ஓடாதீர்கள். உச்சிவெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. பெரியவர்கள் இருந்தால் காரைக்கால் அம்மையார் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டரை மணிக்கு மேல் கடற்கரை. கிழக்குக் கடற்கரை என்பதால் அதற்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் சாயும். அரசலாறு கடலில் சேருகிற முகத்துவாரம் அங்கேதான். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. முழங்கால் தண்ணீர் போதும். 2004 டிசம்பர் 26 அன்று அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். இந்தக் கரையில் நிற்கும்போது அது ஞாபகம் இருக்கணும்.

போகிற வழியில் நாகப்பட்டினம் ஸ்டேஷன் வரும்போது பிள்ளைகளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, பாட்டியை அந்தக் கப்பல் தாத்தா கதையைச் சொல்லச் சொல்லப்போகிறேன். அவர் இதே பாதையில்தான் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெயர் இருந்தால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.