தோட்டத்து அரிசிக் கணக்கு

வாழ்க்கைச் செலவை அளக்க இக்காலத்தில் சுட்டெண் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் மாத்தளைத் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தது அரிசி அளக்கும் கொத்தே. அளந்தது எத்தனை கொத்து, பற்றில் எழுதியது என்ன விலை என்பவற்றை அறிந்தால், ஒரு லயத்துக் குடும்பத்தின் நிலை முழுவதும் விளங்கிவிடும்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியிலே மாண்டவர் பலர். வந்து சேர்ந்தவருக்கோ வழிச் செலவே முதற் கடனாயிற்று. கங்காணி கொடுத்த முன்பணம் அவர் பெயரில் ஏறிய பின்னரே முதல் நாள் வேலை தொடங்கியது.

உண்ணும் அரிசியும் கடல் கடந்தே வந்தது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வரும்வரை மூட்டைகளை மாட்டு வண்டிகளே சுமந்தன. தோட்டமே அரிசியை அளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆணின் நாட்கூலி ஏறத்தாழ 33 சதம். அது பல்லாண்டுகள் அசையவில்லை. காய்ச்சலிற் படுத்த நாளுக்குப் பேர் விழாது. ஆனால் அன்றும் அடுப்பு எரியவேண்டும் அன்றோ! கடன் தீராமைக்கு ஊதாரித்தனமே காரணம் என்று துரைமார் சிலர் எழுதிவைத்தது நேர்மையான கணக்கன்று.

கடனாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 இற் சட்டத்தால் ஒழிந்தது. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என வரையறுக்கப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984 வரை காத்திருந்தது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரிசி விலைக்கும் ஓர் எல்லை இருந்தது. இந்தப் பிணைப்பு நன்மைபோலத் தோன்றும். ஆயின் 1930களின் மந்தத்தில் அரிசி மலிந்தபோது, அதையே காரணங்காட்டிக் கூலியையும் குறைத்தனர். விலை இறங்கியதன் பயன் தொழிலாளியின் கையில் நில்லாது தோட்டத்தின் கணக்கிற் சேர்ந்தது.

1942 இற் பர்மா யப்பானியர் வசமானதும் அந்நாட்டு அரிசி நின்றது; பங்கீடு வந்தது. விலைவாசியை 1939 ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, அதற்கேற்பப் பஞ்சப்படி வழங்கும் வழக்கமும் உருவாயிற்று. அதன்பின் 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அதே அரிசியை உண்ட தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்கும் இழந்திருந்தனர். அரசை ஆட்டிய அந்த விலையைக் குறித்து அவர்களிடம் எவரும் வாக்குக் கேட்டு வரவேண்டியிருக்கவில்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் மலையகம் பட்டினிச் சாவுகளைக் கண்டது. நெடுநாட் கோரிக்கையான 1,000 ரூபா நாட்கூலி 2021 இல் வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டெம்பரிற் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அப்போதும் அந்த நாட்கூலி அதே 1,000 ரூபாதான்.