திறந்த மூல ஆய்வகம் (அண்ணா பல்கலைக்கழகப் பாடம்)

திறந்த மூல ஆய்வகம் என்பது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகளில், கணினி அறிவியல் மற்றும் பொறியியல் இளநிலைப் படிப்பின் ஏழாம் பருவத்தில் இடம்பெற்றிருந்த செய்முறைப் பாடமாகும். 2008 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ், சிஎஸ் 2406 என்னும் குறியீட்டுடன் இது வந்தது. 2008 இல் சேர்ந்த மாணவர்கள் 2011 ஆம் ஆண்டின் பிற்பாதியில் இதனை முதன்முதலாகப் பயின்றனர்.

லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருட்கள் பொதிகளாக வருகின்றன. அவற்றை நிறுவிப் பயன்படுத்தக் கற்பிக்கும் பாடங்கள் பல உண்டு. பொதியை ஆக்கவும், களஞ்சியமாக அடுக்கவும், பிற கணினிகளுக்கு வழங்கவும் மாணவரைக் கேட்டதே இப்பாடத்தின் சிறப்பு.

பின்னணி

கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005 இல் சென்னையில் அமைக்கப்பட்டது. இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை நிதியளிக்க, சி-டாக் நிறுவனமும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து இதனை நடத்தின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் இம்முயற்சியின் வழியே 2007 சனவரியில் வெளிவந்தது. திறந்த மூல மென்பொருள் பொறியியல் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தொடங்கியதும் இக்காலத்திலேயே ஆகும்.

இணைவுக் கல்லூரிகளில் பல நகருக்கு வெளியே அமைந்தவை. சென்னை-அரக்கோணம் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் இடையே உள்ள வேப்பம்பட்டு, அதனை அடுத்த பெருமாள்பட்டு போன்ற மேற்குப் புறநகர் ஊர்களிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. கிண்டி வளாகத்துக்கு வெளியே இத்தகைய கல்லூரிகளின் ஆய்வகங்களுக்காகவே இப்பாடம் எழுதப்பட்டது.

உள்ளடக்கம்

கெர்னல் எனப்படும் கருனியின் மூலநிரலைப் பெற்று, தொகுத்து, தம் கணினியில் நிறுவுவது முதற் பயிற்சி. அடுத்து மெய்நிகராக்கம். பின்னர் மூலநிரலிலிருந்து மென்பொருளை ஆக்குதல், பொதி மேலாண்மை, சம்பா, கப்ஸ் போன்றவற்றை நிறுவுதல், ஃபியூஸ் கொண்டு பயனர் வெளியிலேயே இயங்கும் இயக்கி எழுதுதல், வரைகலை இடைமுக நிரலாக்கம், பதிப்புக் கட்டுப்பாடு ஆகியன வரும். பெர்ல், பிஎச்பி, பைத்தான் பயிற்சிகளும் உண்டு. வரைகலைக்குக் காம்பாஸ் பரிந்துரைக்கப்பட்டது. மாணவர்கள் விசுவல் பேசிக் அறிந்தவர்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மூலநிரலிலிருந்து தொகுத்தல்

வெறும் கட்டளைகளைத் தட்டச்சிட்டு முடிக்காமல் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், சிமேக், ஆன்ட் முதலிய கட்டுமானக் கருவிகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இதற்கான வாயில் பில்ட்-எசென்சியல் என்னும் பொதியாகும். இதனுள் நிரல் எதுவும் இல்லை எனலாம். ஜிசிசி தொகுப்பி, சி++ தொகுப்பி, மேக், சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகள், டிபிகேஜி-டெவ் ஆகியவற்றைச் சார்ந்திருப்பதாக அறிவிப்பதே அதன் வேலை. அதை நிறுவினால் ஏனையவை தாமே வந்து சேரும்.

புதியவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒரு நூலகம் கணினியில் இருக்கும். ஆயினும் அது இல்லை என்று கான்ஃபிகர் நிரல் நின்றுவிடும். டெபியன் வழிவந்த வழங்கல்களில் இயங்குவதற்கான நூலகம் ஒரு பொதியாகவும், தொகுப்பதற்கான தலைப்புக் கோப்புகள் டெவ் என்று முடியும் வேறொரு பொதியாகவும் பிரிக்கப்பட்டிருப்பதே காரணம். மென்பொருளைப் பயன்படுத்த மட்டுமே விரும்புவோரின் வட்டில் இடம் மிச்சமாகும் என்பது இப்பிரிவின் நோக்கம்.

தொகுத்து முடித்து மேக் இன்ஸ்டால் கட்டளையை இட்டால் கோப்புகள் அடைவுகளில் சென்று அமரும். ஆனால் எந்தக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்ற பதிவு டிபிகேஜியின் தரவுத்தளத்தில் இராது. பின்னாளில் அவற்றை நீக்குவது கடினம். பொதி தேவைப்படுவது இங்குதான்.

பொதி மேலாண்மைப் பயிற்சி

ஆர்பிஎம் அல்லது டெப் பொதிகளை ஆக்கி, பராமரித்து, எச்டிடிபி அல்லது எஃப்டிபி வழியே வழங்கி, அக்களஞ்சியத்தை அணுகுமாறு பிற கணினிகளை அமைப்பது இப்பயிற்சி. பாடத்திட்டத்தில் பேக்கேஜ் என்பது பேக்கட் என்று அச்சாகியிருந்தது. தலைப்பை மட்டும் படிப்பவர் இதனைக் கணினி வலையமைப்புப் பாடம் என்றே கருதுவர்.

டெப் பொதி மறைபொருள் அன்று. யுனிக்ஸின் தொடக்கக் காலத்திலிருந்தே உள்ள ஏஆர் என்னும் கருவியால் கட்டப்பட்ட காப்பகமே அது. அதனைப் பிரித்தால் மூன்று உறுப்புகள் கிடைக்கும். முதலாவது, வடிவத்தின் பதிப்பெண்ணைத் தாங்கிய சிறு உரைக்கோப்பு. இரண்டாவது கட்டுப்பாட்டுத் தகவல்கள் அடங்கிய காப்பகம். மூன்றாவது, கணினியில் சென்று அமர வேண்டிய கோப்புகள். பொதியின் பெயர், பதிப்பு, கணினிக் கட்டமைப்பு, பராமரிப்பாளர், சார்புகள் ஆகியன இரண்டாவதில் உள்ள கன்ட்ரோல் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நிறுவும் முன்னும் பின்னும், நீக்கும் முன்னும் பின்னும் இயங்க வேண்டிய சிறு நிரல்களையும் அதிலேயே வைக்கலாம். இந்நிரல்கள் முதன்மைப் பயனரின் அதிகாரத்துடன் இயங்குபவை. ஆகவே அறியாதவர் தரும் பொதியை நிறுவுவது, அவரிடம் கணினியின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆர்பிஎம் பொதியில் இதே தகவல்கள் ஸ்பெக் என்னும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஆர்பிஎம்பில்ட் கருவியால் பொதியாக்கப்படுகின்றன.

பொதிகள் நிறைந்த அடைவு தானே களஞ்சியம் ஆகிவிடாது. டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் என்னும் கருவி ஒவ்வொரு பொதியின் கட்டுப்பாட்டுத் தகவலையும் படித்து ஓர் அட்டவணையை உண்டாக்கும். ஆர்பிஎம் உலகில் கிரியேட்ரெப்போ இப்பணியைச் செய்யும். அட்டவணையும் பொதிகளும் அப்பாச்சி வழங்கியின் கீழ் வைக்கப்பட்டு, பிற கணினிகளின் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் அதன் முகவரி ஒரு வரியாகச் சேர்க்கப்படும். ஆப்ட் முதலில் இறக்குவது அட்டவணையை மட்டுமே. எதை நிறுவ எது வேண்டும் என்ற கணக்கை முடித்த பின்னரே பொதிகளைக் கேட்கும்.

களஞ்சியத்தின் அட்டவணை இலக்கக் கையொப்பத்தால் உறுதிசெய்யப்படுவது டெபியனில் 2007 இல் வெளியான எட்ச் பதிப்பிலிருந்து வழக்கத்துக்கு வந்தது. கையொப்பம் இல்லாத ஆய்வகக் களஞ்சியத்தை அன்றைய ஆப்ட் எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். பிற்காலப் பதிப்புகள் இயல்பாகவே மறுத்துவிடும்.

இணைய இணைப்பும் உள்ளகக் களஞ்சியமும்

மென்பொருள் நிறுவும் பயிற்சிக்கு இணைய இணைப்புத் தேவைப்படலாம் என்று பாடத்திட்டமே குறிப்பிட்டது. அன்றைய நிலையில் இது சிறிய குறிப்பு அன்று. எடுத்துக்காட்டாக, 60 கணினிகள் உள்ள ஆய்வகத்தில் ஒவ்வொன்றும் 100 மெகாபைட்டு பொதிகளை இறக்க வேண்டும் எனக் கொள்வோம். மொத்தம் 6,000 மெகாபைட்டு. நொடிக்கு 2 மெகாபிட்டு வேகமுள்ள இணைப்பில் இதற்கு ஏறத்தாழ 6 மணி 40 நிமிடம் ஆகும். வாரத்துக்கு மூன்று பாடவேளை கொண்ட ஆய்வகத்தில் இது நடவாத செயல். அதே பொதிகளை ஒருமுறை மட்டும் இறக்கி உள்ளகக் களஞ்சியத்தில் வைத்தால் இணைப்புக்கு ஏழு நிமிட வேலையே இருக்கும். எஞ்சியதை ஆய்வகத்தின் உள் வலையமைப்பு பார்த்துக்கொள்ளும். தொலைவில் உள்ள கல்லூரிக்குப் பாடத்தின் ஏனைய பயிற்சிகளைச் செய்வதற்கே இந்த ஒரு பயிற்சி உதவியது எனலாம்.

களஞ்சியம் அமைக்காமல் சமாளிக்கும் வழிகளும் இருந்தன. டெபியன் டிவிடிகளை ஆப்ட்-சிடிரோம் கொண்டு பயன்படுத்தலாம். ஒரு கணினியின் ஆப்ட் இடைமாற்றில் தேங்கிய பொதிகளைப் பேனா இயக்கியில் படியெடுத்து மற்றொன்றில் நிறுவலாம். லினக்ஸ் ஃபார் யூ இதழ் வட்டுடன் விற்கப்பட்டது. தமிழ் எழுத்துருக்கள்கூட அன்று டிடிஎஃப்-தமில்-ஃபான்ட்ஸ் என்ற டெப் பொதியாகவே கிடைத்தன. அப்பொதி பின்னர் ஃபான்ட்ஸ்-டாம்ல் எனப் பெயர் மாறியது.

பிற்காலம்

பாடத்தின் சில பகுதிகள் விரைவில் பழையனவாயின. மெய்நிகராக்கத்துக்கு எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட கேகெமு, 2009 திசம்பரில் வெளியான கெமு 0.12 பதிப்பிலேயே கைவிடப்பட்டது. அதாவது முதல் அணி மாணவர்கள் ஆய்வகத்துக்குள் நுழையுமுன்பே அது போய்விட்டது. எல்கெஸ்ட் 2007 இல் கருனியில் சேர்ந்து 2017 இல் நீக்கப்பட்டது. பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு ஆர்சிஎஸ், சிவிஎஸ், எஸ்விஎன் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தன. 2005 இலேயே தோன்றிவிட்ட கிட் விடுபட்டது வருந்தத்தக்கதே.

டெப் பொதியின் கட்டமைப்போ பெரிதும் மாறவில்லை. எட்ச் பதிப்பில் ஏறத்தாழ 18,000 பொதிகள் இருந்தன. 2023 சூன் மாதம் வெளியான புக்வார்ம் பதிப்பில் 64,419 பொதிகள் உள்ளன.

2013 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் பிரிவின் ஏழாம் பருவத்தில் இப்பாடம் தொடரவில்லை. பாதுகாப்பு ஆய்வகமும், கிரிட் மற்றும் மேகக் கணிமை ஆய்வகமும் அப்பருவத்தில் இடம்பெற்றன. பின்னதற்குக் குளோபஸ் கருவித்தொகுதி தேவைப்பட்டது. உபுண்டுவில் அதனை நிறுவ முதலில் ஒரு சிறிய டெப் பொதியை இறக்க வேண்டும். குளோபஸ் களஞ்சியத்தின் முகவரியைக் கணினியில் சேர்ப்பதே அப்பொதியின் வேலையாக இருந்தது.